நாலு பங்குப் பாஸ்வேர்டு

அரைப்படிப்பாளையம் பால் சொசைட்டியைப் பற்றி நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் ஒரு நடை போய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வரட்டும். ஒரே கதவு, நாலு பூட்டு. பூட்டுக்கு ஒருவராக நாலு பேரும் சாவியோடு வந்தால்தான் திறக்கும்.

சொசைட்டி தொடங்கிய அன்று ரிப்பனை யார் வெட்டுவது என்று தகராறு வந்தது. கடைசியில் ஒரே கத்தரிக்கோலை நாலு பேரும் பிடித்து வெட்டினார்கள். ரிப்பனோடு தலைவரின் வேட்டி நுனியும் போனது, ஆனால் மனஸ்தாபம் தீர்ந்தது. அன்றிலிருந்து எதையும் சேர்ந்தேதான் செய்வது. தலைவர் நாச்சிமுத்து, செயலாளர் அர்த்தனாரி, பொருளாளர் வையாபுரி, உறுப்பினர் பாவாத்தாள் என்று நாலு பேரும் தங்கமானவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பாராட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பாலைக் குளிரவைக்கும் தொட்டியை அங்கே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. அதன் பாஸ்வேர்டையும் நாலு பங்கு போட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பங்கு மற்றவருக்குத் தெரியக் கூடாது. மறந்துவிடக் கூடாதே என்று அவரவர் எருமையின் பெயரையே வைத்தார்கள். தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கூவிக் கூப்பிடுகிற பெயர்கள்தான். ஆனாலும் பரம ரகசியம்.

பாவாத்தாள் மகள் சிவகாமிக்குக் கல்யாணம். அதற்கு முந்தின நாள் காலையில் கரண்ட் போய்விட்டு வந்தது, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தொட்டியும் குளிரவில்லை. அன்று சாயங்காலம் கறக்கும் பால்தான் மறுநாள் பந்திக்குப் பாயசம். ராத்திரி முழுக்க அது கெடாமல் அந்தத் தொட்டியில் இருந்தாக வேண்டும்.

"பாயசம் இல்லாட்டி பந்தியில உக்கார மாட்டோம்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கண்டிசனாச் சொல்லியிருக்காங்க. என்ற மானமே போயிரும்ங்க," என்று பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அர்த்தனாரி ஈரோட்டிலிருக்கும் இன்ஜினியர் மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. அதை அவசர மோடுல எழுப்பணும். அதுல உசுருக்கு வேண்டியது மட்டும்தான் ஓடும். மவுஸ் இல்லை, நெட் இல்லை, வேண்டாதது எதுவும் இருக்காது. ஒரே ஒரு ஆள்தான் அதுக்குள்ள வேலை செய்ய முடியும். மொதல்ல பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

புளியங்கொட்டை அளவுப் பட்டன். அதில் நாலு விரல் இடம்பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திரையில் வந்த வரிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மெஹருன்னிசா சொல்ல, அதையும் நாலு விரலால் தட்டினார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து, பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

அப்போதுதான் தலைவருக்கு ஞாபகம் வந்தது. "வேண்டாதது எதுவும் இருக்கக் கூடாதுன்னாங்களே!"

மவுஸைப் பிடுங்கி வெளியே வைத்தார்கள். காற்றாடியை நிறுத்தினார்கள். நாற்காலி, தண்ணீர்ப் பானை, போன வருஷத்துக் காலண்டர் எல்லாம் வாசலுக்குப் போயின. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம்னாங்க," என்றார் வையாபுரி. "நம்மள்ள யாரு வேணும், யாரு வேண்டாம்?"

"தலைவர் இல்லாம எப்படிங்க?" என்றார் நாச்சிமுத்து.

"தலைவர் இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்கன்னு ஒண்ணு சொல்லுங்க, ஒத்துக்கறோம்," என்றார் அர்த்தனாரி.

நாச்சிமுத்து நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்துவிட்டு, தானே வெளியே போய்ப் பானை பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைசியில் ஒருவர் மாற்றி ஒருவர் போவதென்று முடிவாயிற்று. முதலில் அர்த்தனாரி போய்த் தன் பங்கை அடித்தார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. வெளியே வந்து, "நான் அடிச்சது அதுக்குப் புடிக்கலீங்க," என்றார். அடுத்துப் போன வையாபுரிக்கும் அதே கதி. பாவாத்தாள் விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். எழுத்து எதுவும் கீழேயும் விழவில்லை.

"பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியாதுங்க!" என்றாள் மெஹருன்னிசா. "தெரியாட்டியும் உள்ள போயிரும். தயவுசெஞ்சு இதுவரைக்கும் அடிச்சதை அழிச்சுட்டு, மொத்தத்தையும் ஒருத்தரே ஒரே மூச்சுல அடிச்சு என்டர் தட்டுங்க."

மொத்தத்தையும் ஒருத்தர் அடிப்பதென்றால் மொத்தமும் ஒருத்தருக்குத் தெரிய வேண்டுமே! கத்தரிக்கோல் காலத்திலிருந்து அப்படி ஓர் அநியாயம் அங்கே நடந்ததில்லை.

"தெரிஞ்சா என்னங்க இப்போ? எனக்குப் பாயசம் வேணும்!" என்று பாவாத்தாள் அதட்டினார்.

ஒருவழியாக வையாபுரி உள்ளே உட்கார்ந்தார். மற்றவர்கள் ஜன்னல் வழியாகத் தங்கள் பங்கைச் சொல்வது. ஒருவர் சொல்லும்போது வெளியே இருக்கும் மற்ற இருவரும் காதைப் பொத்திக்கொள்வது. ரகசியம் உள்ளே சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று ஒவ்வொருவரும் அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள்.

"செவலை!" என்று நாச்சிமுத்து கத்தினார். எதிர் டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மயிலா!" என்றார் அர்த்தனாரி.

"காரி!" என்று பாவாத்தாள் கத்தியபோது பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மிச்சம் வையாபுரியின் பங்கு. அவர் ரொம்ப நியாயஸ்தர். தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தனக்குள் ஒருமுறை "கொண்டச்சி" என்று சொல்லிப் பார்த்து, அதன் பிறகே அடித்தார்.

"எல்லாம் எருமைப் பேரு மாதிரி இருக்குதே?" என்றாள் மெஹருன்னிசா.

நாலு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. "ஈரோட்டுல இருந்துக்கிட்டு எப்படிம்மிணி கண்டுபுடிச்சீங்க?"

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்தது. மெஹருன்னிசா சொன்ன கட்டளையை வையாபுரி ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட, அது தன் காயங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, ஆமாம் என்று அடித்தார். பிறகு அதை வழக்கமான மோடில் மறுபடி எழுப்பச் சொன்னாள் மெஹருன்னிசா. எழுப்பினார்கள். தொட்டி உறுமியது, குளிர ஆரம்பித்தது. பாவாத்தாள் சந்தோஷத்தில் பானையைக் கட்டிக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் மெஹருன்னிசா. "இவ்வளவு சத்தமாச் சொல்லிட்டீங்க. இனிமேலாவது அந்தப் பேரை யாரும் வெளியில வாய்விட்டுச் சொல்லாதீங்க. எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டோம்ங்க," என்றார்கள் நாலு பேரும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

சாயங்காலம் ஆயிற்று. எருமைகள் ஏரிக்குள் கழுத்தளவு தண்ணீரில் சுகமாகக் கிடந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும். நாலு பேரும் கரையில் வரிசையாக நின்று, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவற்றையே பார்த்தார்கள். எருமைகளும் அவர்களைப் பார்த்தன. நாச்சிமுத்து கையை ஆட்டினார். அர்த்தனாரி விசிலடித்தார். பாவாத்தாள் "ஏ, உன்னையத்தான்!" என்று எவ்வளவு கெஞ்சியும் பலனில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குளுகுளுவென்று ஓடும் தொட்டியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. பாவாத்தாளுக்கு மறுபடி கண் கலங்கியது.

கையில் மருதாணியோடு சிவகாமி ஓடிவந்தாள். "அங்க பாத்திரமெல்லாம் காத்துக் கெடக்குது, இங்க நாலு பேரும் என்ன பண்றீங்க?" என்றவள், ஏரியைப் பார்த்து ஓங்கிக் குரல் கொடுத்தாள். "காரீ! ஏ காரீ!"

பாவாத்தாள் பாய்ந்து மகள் வாயைப் பொத்துவதற்குள், தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு காரி எழுந்தது. நேராகக் கரையேறி, நாலு பேர் முன்னால் வந்து நின்று, "ம்மா" என்றது.

வையாபுரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுங்க தலைவரே, எல்லாம் போச்சு! பாஸ்வேர்டு எருமைக்கே தெரிஞ்சுபோச்சு!"