கண்ணாடிக்கு அடியில ஒரு உப்பளம்

போன் கிடையாது. கேட்டது போதும். ரெண்டு ராத்திரியும் ரயில்ல ஆட்டம் போட்டுட்டு வந்து, சாப்பிட்ட கையோட போனைத் தூக்குனா கண்ணு என்னத்துக்கு ஆகும்? கொண்டா இங்க. உங்க அம்மையும் அப்பனும் கடைக்குப் போயிருக்காவ, வர நாலு மணி ஆயிரும். அதுவரைக்கும் அத்தை மடியில தலைய வச்சுப் படு. மூஞ்சியத் தூக்காத, தூக்குனா உங்க அப்பன் மாதிரியே இருக்க. போனுக்குப் பதிலா போன் கதை சொல்லுதேன். ஆனா "ம்" கொட்டணும். கொட்டலைன்னா அந்த இடத்துலேயே நிப்பாட்டிருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடி இருந்துச்சாம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு அடியில ஒரு உப்பளம் இருந்துச்சாம்.

ஏட்டி, எதுக்கு சிரிக்க? நெசமாத்தான் சொல்லுதேன். காலைல ஆட்டோவுல வரும்போது பாத்தேல்ல, பாத்தி பாத்தியா, குறுக்க ஒரு வரப்பு, நெடுக்க ஒரு வரப்பு, குறுக்க ஒரு வரப்பு, நெடுக்க ஒரு வரப்புன்னு போச்சே? அதே மாதிரிதான் அங்கனயும். ஆனா அந்த வரப்பெல்லாம் தலைமுடிய விட மெலிசு, கண்ணுக்கே தெரியாது. குறுக்கு வரப்பும் நெடுக்கு வரப்பும் எங்கெங்க சந்திக்குதோ, அங்கெல்லாம் ஒரு குட்டிப் பொண்ணு நிக்கா. உன்ன விடக் குட்டி. எறும்பை விடக் குட்டி. ஒவ்வொருத்தி கையிலயும் ஒரு சிட்டிகை கரண்டு. அதைச் சிந்தாம சிதறாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுதான் வேலை.

அப்போ அங்கன ஒரு கங்காணி உண்டு. நம்ம உப்பளத்துக் கங்காணி மாதிரி ஏச மாட்டாரு, நல்ல மனுசன். வரிசையா எல்லாப் பொண்ணுகள்ட்டயும் கேட்டுக்கிட்டே ஓடுவாரு. "இருக்கா? இருக்கா? இருக்கா?" அவளுவளும் "இருக்கு, இருக்கு, இருக்கு" ம்பாளுவ. நீ ஒரு தடவ கண்ணு சிமிட்டுறதுக்குள்ள அவரு பத்து தடவ சுத்தி வந்துருவாரு, விசுக் விசுக்குன்னு. ஒருநா கூட லீவு கிடையாது.

ம்.

அப்புறம், அந்தக் கண்ணாடி மேல ஒரு விரல் வந்து உக்காந்துச்சுன்னு வையி. நம்ம உடம்பு எதுனால ஆனது? உப்புத்தண்ணி. வேர்வைய நக்கிப் பாரு, கரிக்கும். கண்ணீரும் கரிக்கும். உப்புத்தண்ணிக்கு கரண்டுன்னா ஆசை. விரல் மேல வந்த உடனே, அடியில நிக்க பொண்ணு கையில இருந்து துளியூண்டு கரண்டு "சுர்"ருனு இந்த விரல் பக்கம் இழுபடும். உனக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்காது. அப்போ கங்காணி வந்து "இருக்கா?"ன்னு கேப்பாரு. அவ "அண்ணாச்சி, எங்கிட்ட குறையுது!"ம்பா. பக்கத்துல நிக்கவ "எங்கிட்டயும் லேசாக் குறையுது!"ம்பா. யாருக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கோ, அங்கனதான் விரல் இருக்குன்னு கங்காணி கண்டுபிடிச்சுருவாரு. கண்டுபிடிச்சு, "ஆள் வந்தாச்சு, இந்த வரப்பு, இந்தப் பாத்தி"ன்னு மேல இருக்க ஆபீசுக்குச் சத்தம் குடுப்பாரு. உடனே படம் தொறக்கும், பாட்டு படிக்கும். உன் வெளையாட்டுல குரங்கு ஒண்ணு மரத்துக்கு மரம் குதிக்குமே, அதுவும் குதிக்கும்.

இதெல்லாம் பின்னால போன் கடையில ஒரு பையன் கழட்டி வச்சு சொன்னது. அன்னைக்கு எனக்கு ஒரு எழவும் தெரியாது. எனக்குன்னா சொன்னேன்? இல்ல, அவளுக்கு. செல்லக்கனின்னு ஒருத்திக்கு. கதையில வாரவ. நீ "ம்" கொட்டு.

ம்.

இந்த செல்லக்கனி உப்பளத்துல உப்பு வாருறவ. அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அம்மை இல்லாத புள்ளைய இடுப்புல வச்சு வளத்தா. அவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். போனவன் அங்கனயே ஒரு பொண்ணைப் பாத்து, சொல்லாம கொள்ளாமக் கல்யாணம் முடிச்சுட்டான். செல்லக்கனிக்கு வந்துச்சு பாரு கோவம்! "உன் பேச்சே எனக்கு வேண்டாம்"னு ஒரே போடாப் போட்டுட்டா. ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை கிடையாது. கோவம் ஆறு மாசத்துலயே போயிருச்சு. ஆனா முதல்ல பேசுறது யாருன்னு ஒரு வீம்பு. அவளும் கழுதை, அவனும் கழுதை.

அப்போ தம்பிக்கு ஒரு புள்ள பொறந்துச்சு. அவுக வீட்டு வழக்கம் என்னன்னா, புள்ளைக்குப் பேரு வைக்கும்போது அத்தைதான் அது காதுல மூணு தடவ பேரைக் கூப்பிடணும். அத்தை கூப்பிட்ட பொறவுதான் மத்தவுக கூப்பிடலாம். தம்பி என்ன பண்ணான்? ஊருக்கு வந்த ஆள்ட்ட ஒரு புது போனைக் குடுத்துவிட்டான். பட்டனே இல்லாத போனு, மொழுக்குன்னு. "வியாழக்கிழம பதினொன்னரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல கூப்பிடுதேன். அம்மை பேரைத்தான் வைக்கேன். அக்கா எடுத்தா அக்கா கூப்பிடட்டும். எடுக்கலைன்னா அவளுக்கு இன்னும் மனசு எறங்கலைன்னு நினைச்சுக்கிடுதேன்." இவ்வளவுதான் சொல்லிவிட்டது. கொண்டுவந்த ஆளு, "பச்சையை மேல இழுத்தா பேசலாம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டான். திருப்பிக் கூப்பிடுறது எப்படின்னு அவ கேக்கலை. அவன் சொல்லவும் இல்ல.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

வியாழக்கிழம லீவு கேட்டா, குடுக்கலை. லோடு ஏத்துற நாளு. சரின்னு போனைப் பிளாஸ்டிக் பையில சுத்தி, சோத்துத் தூக்குக்குள்ள வச்சுக் கொண்டுபோனா. பதினொன்னரை ஆச்சு. வெயிலு சுள்ளுன்னு அடிக்கு. உப்பு பளபளன்னு கண்ணைக் கூசுது. "கிர்ர்ர்... கிர்ர்ர்..." தூக்குச்சட்டிக்குள்ள போனு கெடந்து ஆடுது! உப்பு வாருற பலகையை டமார்னு போட்டுட்டு ஓடுதா. போன்ல பச்சை தெரியுது, சேப்பு தெரியுது. பச்சையை இழுக்கா, ஒண்ணும் நடக்கலை. திரும்ப இழுக்கா, ஒண்ணும் நடக்கலை. ஏன் சொல்லு? கையில ரப்பர் உறை! உப்பு கைய அறுக்கும்லா, அதுக்குப் போட்டிருந்தா. ரப்பரைத் தாண்டி கரண்டு போவாது. உள்ள கங்காணி கேக்காரு, "குறையுதா?" பொண்ணுக எல்லாம் "இல்லையே அண்ணாச்சி, ஒருத்தரும் வரலையே"ங்காளுவ. வெளிய ஒருத்தி உயிரை விடுதா, உள்ள "ஒருத்தரும் வரலை"ங்காவ. கிர்ர்ர்... டப். நின்னுபோச்சு.

ம்.

அப்புறம் உறையைப் புடுங்கி எறிஞ்சுட்டு நிக்கா. ரெண்டாவது தடவ வந்துச்சு, "கிர்ர்ர்..." கை பூரா வேர்வை. நெத்தியில இருந்து சொட்டு, கையில இருந்து சொட்டு, பாத்தித் தண்ணி வேற. சொட் சொட் சொட்டுன்னு கண்ணாடி மேல விழுது. இப்போ உள்ள ஒரே கலவரம்! உப்புத்தண்ணி விழுந்த இடமெல்லாம் கரண்டு இழுபடுது. "அண்ணாச்சி, எங்கிட்ட!" "எங்கிட்ட!" "அவ பொய் சொல்லுதா, எங்கிட்டதான்!" கங்காணி பாவம், இங்கிட்டு ஓடுதாரு, அங்கிட்டு ஓடுதாரு, எது விரலு, எது தண்ணின்னு தெரியலை. தலை சுத்திப் போயி, "சேப்புப் பக்கம் ஆள் வந்தாச்சு"ன்னு தப்பாச் சத்தம் குடுத்துட்டாரு. டொக்! அதுவாவே வெட்டிருச்சு.

அங்க பம்பாயில தம்பி என்ன நினைப்பான்? அக்கா வேணும்னே வெட்டுதான்னு நினைப்பான். செல்லக்கனிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மணி பன்னெண்டாகப் போவுது. இன்னொரு தடவ கூப்பிடுவானா? அவளா இருந்தா கூப்பிட மாட்டா. அவ்வளவு வீம்புக்காரி.

கூப்பிடுவானா மாட்டானா, நீ சொல்லு.

ம்... கூப்பிடுவாரு.

ஆமா, கூப்பிட்டான். நல்ல மனசுக்காரன் அவன். கூட வேலை பாக்குற சொர்ணம்னு ஒருத்தி, அவதான் ஓடியாந்து தோள்ல கெடந்த துண்டை எடுத்து செல்லக்கனி கையையும் போனையும் பரபரன்னு தொடைச்சா. அந்தத் துண்டையே வெயில் படாம மேல பிடிச்சுக்கிட்டா. மூணாவது தடவ. "கிர்ர்ர்..." இப்போ நிழல்ல படம் நல்லாத் தெரியுது. சொர்ணம் கத்துதா, "அழுத்துக்கா! நல்லா அழுத்து!" அவ வீட்டுல பட்டன் போன்தான். செல்லக்கனியும் அதுவரைக்கும் பட்டன் போன்தான். அதுல நகம் தேயுற மாதிரி அழுத்துனாத்தான் வேலை நடக்கும். அதனால பெருவிரலைப் பச்சை மேல வச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்துதா, அழுத்துதா, மாவு மில்லுல சாக்கை அமுக்குற மாதிரி அழுத்துதா. உள்ள கங்காணி "ஆள் வந்தாச்சு, வந்தாச்சு"ங்காரு. ஆனா மேல இருந்து "இழுக்காவளா?"ன்னு கேக்காவ. "இல்லியே, நட்டு வச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்காவ"ங்காரு. எவ்வளவு அழுத்துனா என்ன? அந்த ஊர்ல பலத்துக்கு மரியாதையே கிடையாது தாயி. வந்தியா, எங்க வந்த, எங்க போற, இவ்வளவுதான் கேப்பாவ.

ம்...

கிர்ர்ர்... கிர்ர்ர்... இப்போ நிக்கப்போவுது. செல்லக்கனி கையை எடுத்துட்டா. முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டா. அப்போதான் அந்தப் படத்தை நல்லாப் பாக்கா. கூப்பிடும்போது கண்ணாடி நெறைய ஒரு படம் தெரியும்லா? அதுல அந்தப் புள்ள. பொறந்து பதினஞ்சு நாளு. மொட்டைத் தலை, மூடுன கண்ணு, உப்பிப்போன கன்னம். வாய்க்குக் கீழ நாடியில ஒரு குழி, செத்துப்போன அவ அம்மைக்கு இருந்த மாதிரியே. "எப்பா, என் தங்கமே"ன்னு சொல்லிக்கிட்டே, அழுதுக்கிட்டே, ஒரு விரலால அந்த நாடியில இருந்து கன்னம் வரைக்கும் மெல்லத் தடவுனா. இப்படி. பாரு, இப்படி.

நாடி இருந்த இடத்துலதான் பச்சை இருந்துச்சு.

உள்ள நிக்க பொண்ணுக ஒவ்வொருத்தியா, "எங்கிட்ட", "இப்போ எங்கிட்ட", "இப்போ எங்கிட்ட"ன்னு வரிசையாச் சொல்லுதாளுவ. கங்காணி துள்ளிக் குதிச்சாரு. "நகருது! மேல போவுது! இழுக்காவ, இழுக்காவ!" சரக்! தொறந்துருச்சு. உள்ள தம்பி மூஞ்சி. ரெண்டு கழுதையும் அழுவுது. சொர்ணம்தான், "யக்கா, மணியாவுது, கூப்பிடு!"ன்னு முதுகுல ஒரு அடி வச்சா. தம்பி பொஞ்சாதி அந்தப் பக்கம் போனைப் புள்ள காதுகிட்ட கொண்டுபோயி வச்சா. தங்கமான புள்ள அவ, இவதான் தெரியாமக் கோவிச்சுட்டா. செல்லக்கனி கொளுத்துற வெயில்ல, வரப்பு மேல நின்னுக்கிட்டு மூணு தடவ கூப்பிட்டா. அந்தப் புள்ள மூணாவது தடவைக்கு ஒரு கண்ணை மட்டும் தொறந்து பாத்துச்சாம்.

என்ன பேரா? உனக்குத் தெரியாதாக்கும். கண்ணை மூடு, சொல்லுதேன். காதைக் குடு.

உலகம்மை...

ம்.

உலகம்மை...

ம்...

உலகம்மை...

அடி கள்ளி, மூணாவதுக்கு "ம்" வரலையே. சரி, சரி. கங்காணி வரப்புல சாஞ்சுட்டாரு, பொண்ணுகளும் கொட்டாவி விடுதாளுவ, கதையும் படுத்துருச்சு. தூங்கு தாயி.

இந்தா, தூக்கத்துலயும் ஒரு விரலு வந்து என் கையைத் தடவிப் பாக்குது. இருக்கேன் மக்கா. அத்தை இங்கனதான் இருக்கேன்.