நாலு வீட்டு வாசல்

"அங்க ஆளே இல்லம்மா. எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துடு."

தையல்நாயகி போனை மேசைமேல் வைத்தாள். மாயவரத்திலிருந்து கும்பகோணம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது.

ரெஜினா போனைத் தொடவில்லை.

"மொதல்ல தண்ணி குடிங்கக்கா."

ரெஜினா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். தையல்நாயகியைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். கூடவே ஒரு சர்வரும் நடத்தினாள். முதலாளி இல்லாத வலை என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான். ஒரே கம்பெனி கட்டிய மாளிகை இல்லை அது. ஆளாளுக்கு நடத்தும் சின்னச் சின்ன வீடுகள். எந்த வீட்டில் இடம் பிடித்தாலும் மற்ற வீட்டுக்காரர்களோடு பேசலாம்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் ரெஜினாவுக்குக் கிடையாது. அதனால் அவளுடைய சர்வரில் இருந்தவர்கள் அவளைக் கிண்டலாகக் குரு என்றார்கள். ஒரு சந்தேகம் என்றால் அவளிடம்தான் ஓடினார்கள் என்பது வேறு விஷயம்.

"எதுக்கு அழிக்கணும்?"

"பேச ஆள் கிடைக்கும்னுதான் வந்தேன். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. அன்னிலேருந்து வீட்ல என் குரல் மட்டும்தான் கேக்குது. எனக்கே அலுத்துப்போச்சு."

இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

"எத்தனை வீடு பார்த்தீங்க?"

"நாலு. உன்னோடது நாலாவது. ஒவ்வொண்ணுலயும் மாசக்கணக்கா எழுதினேன். அவர் என்ன சாப்பிட்டார், எந்த விரல் அசைஞ்சுது, அன்னிக்கு நான் யார்மேல எரிஞ்சு விழுந்தேன், எல்லாத்தையும். ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கல. சரி, இந்த வீடு ராசியில்லன்னு அடுத்ததுக்குப் போயிடுவேன்."

"புது வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணுவீங்க?"

"பூட்டு போட்டுடுவேன்." அதில் மட்டும் கொஞ்சம் பெருமை. "தோஹால இருக்கிற என் பையன் சொல்லிக் குடுத்தான். காலம் கெட்டுக் கிடக்கும்மா, யார் யாரோ வருவாங்க, அந்தப் பூட்டுப் படத்தைத் தட்டிடுன்னான். நான் மறக்கவே மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சத்தத்தை நிறுத்திடுவேன். டிங்குனு போன் அடிச்சா அவருக்குத் தூக்கிவாரிப் போடுது."

ரெஜினா தலையாட்டினாள்.

"அழிச்சிடலாம்க்கா. ஆனா மத்த வீட்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நீங்களே போகணும். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?"

"எல்லாத்துக்கும் அவர் பேருதான்."

முதல் வீடு திறந்தது.

"அழிக்கிறது எங்க இருக்கு?"

"மேல மூணு கோடு இருக்கு பாருங்க, அதுக்குள்ள."

"ஐயோ, அதை நான் தொட்டதே இல்ல. எதாவது அழிஞ்சுபோயிடும்னு பயம்."

"அழிக்கத்தானே வந்தீங்க?"

தையல்நாயகி தொட்டாள். 'காத்திருப்போர்' என்று ஒரு வார்த்தை தெரிந்தது. அதையும் தொட்டாள்.

வரிசையாக முகங்கள். நாயைக் கட்டிக்கொண்டு ஒரு மீசைக்காரர். கண்ணாடி போட்ட ஒரு பெண். முகத்துக்குப் பதிலாகத் தொட்டியில் ஒரு கத்தரிச் செடி.

"யாரு இவங்கள்லாம்?"

"வாசல்ல நிக்கிறவங்க. பூட்டு போட்டா, நீங்க எழுதறதை வெளியிலேருந்து படிக்கலாம். பேசணும்னா நீங்க உள்ள கூப்பிடணும்."

"எப்போலேருந்து நிக்கிறாங்க?"

ரெஜினா திரையைக் கண்ணால் காட்டினாள். தேதி அங்கேயே இருந்தது. அது போன தீபாவளிக்கும் முந்தின தீபாவளி.

வெயிலில் வரும் தபால்காரரைக்கூட மோர் கொடுக்காமல் அனுப்பாதவள் தையல்நாயகி.

கத்தரிச் செடியின் கீழே பெயர் இருந்தது. செண்பகம், திருத்துறைப்பூண்டி. தன்னைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாள்.

'வீட்டுக்காரர் கட்டிலில். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்.'

தையல்நாயகி அதைத் திரும்பப் படித்தாள். பிறகு எதுவும் கேட்காமல் இரண்டாவது வீட்டைத் திறந்தாள். மூன்று கோட்டை அவளே தொட்டாள்.

அங்கே வேறு யார் யாரோ நின்றார்கள். கத்தரிச் செடியும் நின்றது.

மூன்றாவது வீட்டிலும் நின்றது.

"நான் போற இடத்துக்கெல்லாம் தேடிக்கிட்டு வந்திருக்காளே. நான் பாட்டுக்குக் காலி பண்ணிக்கிட்டுப் போயிருக்கேனே."

"நாலாவதையும் பாருங்க."

நாலாவது வீட்டு வாசலில் புதிதாக இரண்டு பேர். மேலே தள்ளிப் பார்த்தாள். கீழே தள்ளிப் பார்த்தாள்.

"இங்க காணுமே."

"ம்."

"ஏன் வரல?"

"நீங்க ஏன் அழிக்க வந்தீங்க?"

தையல்நாயகி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம்வரைதான் அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் அவள் முதல் வீட்டிலிருந்து தொடங்கி நின்றவர்களை எல்லாம் ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக, மெதுவாக.

"அழிக்கிறதா வேண்டாமாக்கா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. குருவிடமிருந்து அதற்குள் அந்த வழக்கம் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

"அவ வாசலுக்கு எப்படிப் போறது?"

ரெஜினா விரலால் காட்டினாள். தையல்நாயகி கத்தரிச் செடியைத் தேடிப் பிடித்து, 'பின்தொடர்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

'வேண்டுகோள் போயிருக்கிறது. காத்திருக்கவும்.'

"அவளும் பூட்டியிருக்காளே!"

"அவங்களுக்கும் ஒரு பையன் இருப்பான்."

தையல்நாயகி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கேட் வரை போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

"இந்தச் சத்தத்தை மறுபடி எப்படி வைக்கிறது?"

"ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போடுமே?"

"போட்டா போடட்டும். யாரோ வர்றாங்கன்னு சொல்லிக்கிறேன்."