ஊர்காட்டி ஆன ஆட்காட்டி

கூகைமலை அடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் சரளைக் கரையில் செம்மூக்கி என்ற ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை இட்டு அடைகாத்து வந்தாள்.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். முட்டைக்குக் காவல் அதன் தொண்டை மட்டும்தான். யாராவது பக்கத்தில் வந்தால் மேலே பறந்து, காடே கேட்கும்படி கத்தும். அதைக் கேட்டதும் மான் காதை நிமிர்த்தும், முயல் புதருக்குள் பாயும், காட்டெருமைகூட ஒதுங்கி நடக்கும். 'வராதே' என்பதுதான் அந்தக் கத்தலுக்குப் பொருள். காட்டில் பிறந்த எந்தக் குட்டிக்கும் அது தெரியும்.

காட்டுக்கு அப்போது கெட்ட காலம். மழை பொய்த்து ஏரி குட்டையாகிவிட்டது. முந்தின கோடையில் செம்மூக்கியின் குஞ்சுகள் தண்ணீரில்லாமல் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. இளவட்ட மான்கள் மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டன. அங்கே யானைகள் வந்திருந்தனவாம். யானை மணலைத் தோண்டினால் ஊற்று, நடந்தால் பாதை, கிளையை ஒடித்துப் போட்டால் சின்ன உயிர்களுக்கெல்லாம் தீனி. பிறகு ஏன் போகமாட்டார்கள்?

ராஜா கரடியாருக்கு இது மனதை அரித்தது. சபையைக் கூட்டினார். மந்திரியாக இருந்த மைனா எழுந்தான். மைனா யார் குரலிலும் பேசுவான்; சொந்தக் குரல் எதுவென்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"யானைங்க தானா வராது ராசா," என்றான். "நாமதான் கூப்பிடணும். பக்கத்துக் காடு கொடுக்கிறதைவிட ஒரு பிடி கூடக் கொடுக்கணும்."

மைனா மலை தாண்டிப் போய், யானைக் கூட்டத்தின் தலைவியான பெரியவளைப் பார்த்துவிட்டு வந்தான். மூங்கில் தோப்பு முழுவதும் யானைகளுக்கே வேண்டுமாம். கரடியார் சரியென்றார். மூங்கில் எலிகள் முனகின. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட முடியுமா என்று மைனா அவற்றின் வாயை அடைத்தான். அடுத்த முறை போனபோது உப்புத் தரையும் வேண்டும் என்று சேதி வந்தது. அந்த மண்ணை நக்கித்தான் மான்கள் பிழைத்து வந்தன. அதையும் கொடுத்தார்கள். கேட்டதைக் கொடுக்காவிட்டால் வேறு காடு கொடுத்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

மூன்றாவது முறை மைனா வந்து சொன்னது செம்மூக்கியைப் பற்றி.

"பெரியவளுக்கு 'வராதே'ன்னு கேட்டா ஆகாது. நுழையும்போதே தலைக்கு மேல ஒருத்தி நின்னு கத்தினா, இது நம்மள வேண்டாங்கிற காடுன்னு திரும்பிப் போயிடுவா."

சபை முழுவதும் செம்மூக்கியைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சுகள் பொரிந்து ஓடத் தொடங்கும்வரை யானைகள் பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள். நாலு முட்டைக்காகக் காடே காய வேண்டுமா என்று ஒரு கிழ மான் சிடுசிடுத்தது. அவள் தலை குனிந்தாள். தண்ணீர் வேண்டும் என்று மற்றவர்களைவிட அவள்தான் அதிகமாக ஏங்கினாள். முந்தின கோடை அவளுக்கு மறக்கவில்லை.

மைனா தேன் ஒழுகும் குரலை எடுத்தான். "யாரு உன்ன வாயை மூடச் சொன்னா? கத்து, நல்லாக் கத்து. ஆனா யோசிச்சுப் பாரு, ஆட்காட்டின்னா என்ன? வந்த ஆளை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறவ. அது என்ன பெருமை? இனிமே வந்த ஆளுக்கு ஊரைக் காட்டு. இன்னையிலேருந்து நீ ஆட்காட்டி இல்ல, ஊர்காட்டி!"

சபை கைதட்டியது. கரடியாரும் வாக்குக் கொடுத்தார். செம்மூக்கியே முன்னால் பறந்து யானைகளை அழைத்து வரலாம். சரளைக் கரையை விட்டு விலகிய வழியாகக் கூட்டிப் போகலாம். இதைவிட முட்டைக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இதுவரை யாரும் அவளுக்குப் பட்டம் கொடுத்ததில்லை.

அவள் துணைவன் மஞ்சக்காலனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"தொண்டை ஒண்ணுதான புள்ள? அது ரெண்டு சேதியை எப்படிச் சொல்லும்?"

"தண்ணி வேண்டாமா மாமா?"

முந்தின கோடையில் செத்த குஞ்சுகளின் பக்கத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.

மைனா காட்டுக்குப் பாடம் நடத்தினான். ஆட்காட்டி கத்தினால் இனி ஓடக் கூடாது; வாயில் பூவைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து வரிசையாக நிற்க வேண்டும். மான்குட்டிகள் முதலில் பழக்கதோஷத்தில் சிதறி ஓடின. பிறகு நிற்கப் பழகிவிட்டன. யானைகளுக்கும் மைனா சேதி சொல்லி அனுப்பினான்: "எங்க ஊர்காட்டி எங்கே கத்துறாளோ, அங்கே உங்களுக்கு வரவேற்பு."

யானைகள் வந்தன. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அதுபோலச் செம்மூக்கி முன்னால் பறந்து கத்திக்கொண்டே வந்தாள். சரளைக் கரையைச் சுற்றிக்கொண்டு வறண்ட ஓடைக்குக் கூட்டிப் போனாள். பெரியவள் மணலைக் காலால் கிளறித் துதிக்கையால் அள்ளி வீசினாள். ஈரம் கசிந்தது. பிறகு தண்ணீர் ஊறி நின்றது. மான் குடித்தது, முயல் குடித்தது, மைனா அலகை நனைத்துக்கொண்டான். செம்மூக்கியும் குடித்தாள். இந்த வருஷம் என் பிள்ளைகள் பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள்.

உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில் யானைக்கன்று ஒன்று விளையாடிக்கொண்டே கூட்டத்தை விட்டு விலகியது. குட்டையின் மினுமினுப்பைப் பார்த்துவிட்டுச் சரளைக் கரைப் பக்கம் ஓடியது. அங்கே மஞ்சக்காலன் முட்டைகள்மேல் இருந்தான். கன்று வருவதைக் கண்டு சிறகை விரித்து மறித்தான்.

செம்மூக்கி அதைப் பார்த்தாள். பட்டமும் பாடமும் அந்த நொடியில் எங்கே போயினவோ! முட்டைகளுக்கு மேலே பாய்ந்து போய், பிறந்த நாளிலிருந்து தெரிந்த அந்த ஒரே கத்தலைக் கத்தினாள். வராதே, வராதே, வராதே.

பெரியவள் துதிக்கையைத் தூக்கினாள். "தங்கச்சி கூப்பிடுறா பாருங்க," என்றாள் கூட்டத்திடம். "இன்னும் ஏதோ காட்டணுமாம். வாங்க போவோம்."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. செம்மூக்கி பதறி இன்னும் உரக்கக் கத்தினாள். இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று யானைகள் நடையை எட்டிப் போட்டன. மான்களும் முயல்களும் பூவைக் கவ்விக்கொண்டு ஓடிவந்து இரண்டு பக்கமும் வரிசை கட்டின. அவள் கத்தக் கத்த யானைகள் நெருங்கின. மஞ்சக்காலன் கடைசி நொடிவரை இருந்துவிட்டுப் பறந்தான். பிறகு கரையில் சரளை மட்டும்தான் இருந்தது. எது கல், எது ஓடு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

யானைகள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் காலடியில் என்ன இருந்தது என்பதே அவற்றுக்குத் தெரியாது. "நல்ல காடு," என்று பெரியவள் செம்மூக்கியிடம் அன்பாகச் சொன்னாள். "எங்கேயும் எங்களை யாரும் இப்படி மனசாரக் கூப்பிட்டதில்லை தங்கச்சி."

செம்மூக்கி கரடியாரிடம் போய் அழுதாள். அவர் மைனாவைப் பார்த்தார். மைனா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அவதான கூப்பிட்டா? காடே கேட்டுச்சே."

கரடியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும்தான் கேட்டிருந்தார்.

மழைக்காலம் வருவதற்குள் மூங்கில் தோப்பு மொட்டையானது. உப்புத் தரை குழியானது. மிதிபட்டு மிதிபட்டு ஊற்றும் தூர்ந்துபோயிற்று. ஒருநாள் தெற்கே உள்ள காட்டிலிருந்து ஒரு கிளி வந்து, இன்னும் ஒரு பிடி கூடத் தருவதாகச் சொன்னது. யானைகள் யாரிடமும் மனத்தாங்கல் இல்லாமல் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டன. நல்ல பேச்சுக்காரன் எந்தக் காட்டுக்கும் வேண்டும் என்று மைனாவும் கூடவே போய்விட்டான்.

அடுத்த பருவம் செம்மூக்கி மறுபடி கரைக்கு வந்தாள். மஞ்சக்காலன் முன்போலப் பேசுவதில்லை. ஒரு காலையில் மேட்டுக்கு அப்பால் புல் அசைந்தது. செந்நாய்க் கூட்டம். பக்கத்துப் புதரில் மான்குட்டிகள் ஒன்றுமறியாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அவள் வாயைத் திறந்தாள். கத்தினால் குட்டிகள், மைனாவின் பாடம் மறக்காமல், பூவைத் தேடிக் கவ்விக்கொண்டு வெளியே வந்து நிற்கும். கத்தாவிட்டால் இருந்த இடத்திலேயே சாகும். திறந்த வாயை அவளால் மூடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. செந்நாய்கள் அவளைக் கடந்து, ஓசைப்படாமல் புதருக்குள் நுழைந்தன.

வளம் தேடி வெளியாரை அழைப்பது தவறில்லை. ஆனால் 'வராதே' என்று சொல்லும் குரலையே 'வருக' என்று மாற்றிவிட்ட நாட்டில், வருவது வாழ்வா சாவா என்று சொல்ல ஆளிருக்காது.