குருவி சொல்லாமல் விட்ட பதில்

குருவிகள் மனுஷரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு துறைமுக ஊரில் தெக்லா என்று ஓர் அப்பக்காரி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிட்டுக் கொடுக்கிற அப்பம் அவள் அடுப்பில்தான் வேகும். புருஷன் மாரோன் படகுக்காரன். விடியற்காலையில் அவள் மாவு பிசைய, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தேவகுமாரனைப் பற்றிப் பாடுவான். சுருதி சேரவே சேராது. ஆனாலும் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. கூரையில் கூடு கட்டியிருந்த குருவி, போதுமப்பா, என் குஞ்சுகள் கூட்டைவிட்டு ஓடிவிடும் என்று கேலி செய்யும்.

என்ன காலம் அது! நீ எதை நம்புகிறாய் என்று அப்போது யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி கப்பலில் வந்து இறங்கியது. பிதாவும் குமாரனும் என்றென்றும் சேர்ந்தே இருந்தவர்களா, இல்லை, பிதா முதலில் இருந்து குமாரனைப் பிற்பாடு உண்டாக்கினாரா? அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. மீன் சந்தையில் அதே பேச்சு, சவரக்கடையில் அதே பேச்சு. முடி வெட்டப் போன ஒருவன் பாதித் தலையோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வந்தான்.

மாரோன் 'பிற்பாடு' கட்சி. அப்பன் முந்தி, பிள்ளை பிந்தி, இதில் என்ன சந்தேகம் என்பான். தெக்லா விடமாட்டாள். அவரும் நம்மைப்போல உண்டாக்கப்பட்டவர் என்றால் நம்மைக் கரை சேர்ப்பது யார் என்று அழுவாள். இரண்டு பேரும் அந்தக் குமாரன்மேல் வைத்த பாசத்தில்தான் சண்டை போட்டார்கள், அதுதான் கொடுமை. முதலில் பாட்டு நின்றது. அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. மாரோன் படகிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டான். அவன் திரும்பி வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது தெக்லாவுக்கு.

கடைசியில் மூப்பர்கள் கூடி, வாதாடி, சபை நம்புவது இதுதான் என்று வரிவரியாக எழுதிவைத்தார்கள். குமாரனுக்குத் தொடக்கம் கிடையாது, பிதாவும் அவரும் ஒன்று என்று தீர்ந்தது. வருகிற ஞாயிறு எல்லாரும் கோயிலில் அதைச் சொல்ல வேண்டும், மனமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றார்கள்.

சனிக்கிழமை மாரோன் வீட்டுக்கு வந்தான். அவனும் அவன் கட்சிக்காரர்களும் மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். போகிற இடத்தில் அப்பம் சுட, தெக்லாவின் பானையிலிருந்து புளித்த மாவு வேண்டும். கோயில் வந்த நாளிலிருந்து, பழைய மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்துச் சேர்த்து, அறுபடாமல் வருகிற மாவு அது. அவள் பாதியை அள்ளி ஒரு சட்டியில் போட்டாள்.

குருவிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்ப்பா மாரோன், பானையில இருந்துதான் சட்டிக்கு வந்தது. இதுல எது மூத்தது?"

மாரோன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தெக்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதோ தங்கிவிடுவான் என்றே நினைத்தாள். ஆனால் அவன் முகம் மெல்லச் சுருங்கியது.

"மாவு வேற, கடவுள் வேற," என்று சட்டியை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு நான் சத்தமா சொல்றேன். படகுல இருந்தே கேளுங்க. மனசு வந்தா கூடச் சொல்லுங்க," என்றாள் தெக்லா.

"மனசுல இல்லாததை எப்படிச் சொல்றது, தெக்லா?"

அவன் சட்டியோடு துறைமுகத்துக்கு நடந்தான்.

மறுநாள் கோயிலில் அந்த வரிகளைத் தொடங்கியதும் தெக்லா எழுந்து நின்றாள். குரல் கடல்வரை போக வேண்டுமே. ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், மாரோன் குரல் வருகிறதா என்று காது கொடுப்பாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அவளைப்போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் படகில் இருந்தார்.

குருவி துறைமுகத்துக்குப் பறந்தது. மாரோன் கோயிலைப் பார்த்து நின்றுகொண்டு வரிக்கு வரி கூடவே சொல்லிக்கொண்டிருந்தான். குமாரனுக்குத் தொடக்கம் கிடையாது என்கிற அந்த ஒரு வரி வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிறகு பாய் விரித்தார்கள், படகு போய்விட்டது.

குருவி கோயிலுக்குத் திரும்பி வந்தது.

"சொன்னாரா?" என்று கேட்டாள் தெக்லா.

சொன்னான் என்றாலும் பொய், சொல்லவில்லை என்றாலும் பொய். குருவி அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. கீச் கீச் என்றுதான் வந்தது.

தேவாலயக் கூரையில் கூடு கட்டுகிற குருவி இன்றைக்கும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கீழே விசுவாசப் பிரமாணம் என்கிற அந்த வரிகளுக்குச் சபை எழுந்து நிற்பதும், வரிக்கு வரி ஒரு மூச்சு நேரம் நிறுத்துவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். படகில் இருப்பவருக்கும் சொல்ல நேரம் கொடுக்க வேண்டாமா?