எட்டுப் பின் பிளக்

“மாப்பிள்ளை என் இன்ஜினைக் கருக்கிட்டாருங்க டீச்சர்.”

குழந்தைவேலு அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

போத்தனூரில் பொம்மை ரயில் ஓட்டுபவர்கள் ஞாயிறுதோறும் கூடும் இடம் அது. எந்த பிளக் எந்த இன்ஜினுக்கு என்பதில் ரெஜினா டீச்சர்தான் அவர்களுக்கு குரு. குழந்தைவேலு அவரைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர்தான்.

நடந்ததைச் சொன்னார். இன்ஜினுக்குள் புது சர்க்யூட்டைப் பொருத்திய மாப்பிள்ளை, அதன் பிளக்கை மாற்றிச் செருகிவிட்டார். கரண்ட் கொடுத்தால் முகப்பு விளக்கு எரியவில்லை. குழந்தைவேலு உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருக்கிறார்.

அதன்பிறகு மகள் தனியாகத்தான் பிறந்த வீட்டுக்கு வருகிறாள்.

டீச்சர் இன்ஜினின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். எட்டுப் பின் பிளக். தலைமாறித்தான் இருந்தது. அப்படியே மூடித் தண்டவாளத்தில் வைத்து சுவிட்சைப் போட்டார்.

குழந்தைவேலு பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் இன்ஜின் கிளம்பிவிட்டது. விளக்கில்லாமலே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

“ஓடுதுங்களே.”

“ஓடும்.”

டீச்சர் மூடியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகி, மூடி மறுபடி தண்டவாளத்தில் வைத்தார். விளக்கு எரிந்தது.

“அப்ப ஒண்ணும் கருகலீங்களா?”

“இந்த எட்டுப் பின் அப்படித்தாங்க. மாத்திச் செருகினா விளக்குதான் எரியாது. திருப்பிப் போட்டா சரியாப் போச்சு.”

“எல்லா பிளக்கும் இப்படித்தானுங்களா?”

“இல்லீங்க. சிலது மாத்திச் செருகவே விடாது. சிலது நிஜமாவே கருகிடும்.”

“எது எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?”

டீச்சர் இன்ஜினை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினார்.

“முதல்ல மோந்து பாருங்க. கருகின வாசம் வந்தா அப்புறம் கத்துங்க.”

குழந்தைவேலு மோந்து பார்த்தார். மெஷின் எண்ணெய் வாசம்தான் வந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

பிறகு அவரே மூடியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, பழையபடி தலைமாற்றிச் செருகினார்.

டீச்சர் இதென்ன கூத்து என்று கேட்டார்.

“மாப்பிள்ளையக் கூப்பிடப் போறேனுங்க. விளக்கு அவரு கையாலயே எரியட்டும்.”