பட்டமரத்து ஜோடியும் மந்தியின் குரலும்

ஒரு காட்டில், உள்ளே கூடாகிப்போன பட்டமரம் ஒன்று நின்றது. அதில் ஒரு மரங்கொத்தி கொத்தும். அடிமரத்தில் கொத்தினால் "தும்!" நுனிக்கிளையில் கொத்தினால் "டக்!"

அதே மரத்தில் ஒரு கரிச்சான் குருவி. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். மயில் அகவினால் மயில். பன்றி உறுமினால் பன்றி.

ஒருநாள் மரங்கொத்தி "தும் தும் டக்" என்று கொத்த, இடையிடையே கரிச்சான் பன்றி உறுமலைச் செருகியது. கீழே போன காட்டெருமை நின்றது. அதன் பின்னங்கால் தானாக ஆடியது. அவ்வளவுதான்! பட்டமரம் உள்ள இடமெல்லாம் இருவருக்கும் அழைப்பு. எங்கே ஆட்டம் நடந்தாலும் முன்வரிசையில் ஒரு முயல், கண்ணை இறுக மூடிக்கொண்டு குதிக்கும்.

நாளடைவில் கூட்டம் கொட்டாவி விட்டது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. நீ வேகமா, இன்னும் வேகமா கொட்டு. சட்டுனு நிறுத்திடு," என்றது கரிச்சான்.

அடுத்த ஆட்டத்தில் மரங்கொத்தி வேக வேகமாகக் கொட்டி, சட்டென நிறுத்தியது. காடே மூச்சடக்கி நின்றது. அப்போது கரிச்சான், மந்தியின் காவல் குரலில் கத்தியது: "ஹக்! ஹக்! சிறுத்தை!"

எல்லா உடம்பும் வெடவெடத்தது. மறுநொடி, "தும் தும் டக்!" பயந்த கால்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று அலறியது முயல்.

உச்சிக்கிளையில் காவல் இருக்கும் மந்தி இறங்கி வந்தது. "அது என் குரல்டா. உயிரைக் காப்பாத்துற குரல்."

"அது என் குரல்டா. உயிரைக் காப்பாத்துற குரல்," என்றது கரிச்சான், மந்தியைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு ஒரு மாலை. கூட்டம் நிரம்பி வழிந்தது. கரிச்சான் மேலிருந்து பார்த்தது. முயலுக்குப் பின்னால், புல்லுக்குள், ஒரு வால் நுனி மெல்ல அசைந்தது.

"ஹக்! ஹக்!" உச்சியிலிருந்து மந்தி கத்தியது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

கரிச்சான் மானாகக் கத்தியது. மயிலாகக் கத்தியது. ஆர்ப்பரிப்பு கூடியது. கடைசியில் தன் சொந்தக் குரலில், "நிஜமாவே சிறுத்தைடா! ஓடுங்கடா!" என்றது.

"ஆகா, இது புதுசு!" என்றது காட்டெருமை.

வால் நுனி இன்னும் நெருங்கியிருந்தது.

"கொட்டுறதை நிறுத்துடா!" என்றது கரிச்சான் மரங்கொத்தியிடம்.

"நிறுத்தினா, பயம் வரப்போகுதுன்னு ஆசையா நிப்பாங்க," என்றது மரங்கொத்தி. "கெடுத்துடுவோம். ஆட்டத்தை மொத்தமா கெடுத்துடுவோம்."

"நம்ம பேரு?"

"போகட்டும்."

"தும்... டடக்... து..." தாளம் நொண்டியது. கரிச்சான் சளி பிடித்த தவளை போலக் கரகரத்தது. கால்கள் ஒன்றோடொன்று பின்னின.

"சீ! இதைக் கேக்கவா ரெண்டு மலை தாண்டி வந்தேன்?" என்று பன்றி திரும்பி நடந்தது. மானும் மயிலும் காட்டெருமையும் திட்டிக்கொண்டே கலைந்தன. இனி இவர்களைக் கூப்பிட யாரும் இல்லை.

முயல் மட்டும் நகரவில்லை. "எனக்குத் தெரியும், அடுத்து பெருசா ஒண்ணு வரும்!"

கரிச்சான் பாய்ந்து வந்து அதன் காதைக் கொத்தியது. "போடா! போயிடுடா!"

"ஐயோ, கூசுது! இதுவும் ஆட்டத்துல சேர்த்தியா?" முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தது.

மரங்கொத்தி கொத்துவதை மறந்தது. காடு மூச்சடக்கியது.

புல் விலகியது.

நீதி: ஆபத்தைச் சொல்லும் குரலை வேடிக்கையாக்கினால், ஆபத்து வரும் நாளில் சொல்ல ஒரு குரலும் மிஞ்சாது.