மர நிழலில் ஒரு பொலிகாளை

இறைச்சி மாட்டுப் பண்ணை முதலாளி ரத்தினசபாபதி வெளிநாட்டுப் பொலிகாளை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இனி எல்லாக் கன்னும் இதுக்குத்தான் பிறக்கணும். இது இயற்கைப் பண்ணை. மூட்டைத் தீவனம் கிடையாது. மேய்ச்சல்லயே கொழுக்கணும். ஒண்ணு இளைச்சாலும் உன் வேலை போச்சு!"

மேய்ப்பன் சிக்கண்ணன் தலையாட்டினான். "சரிங்க. நாளைக்கு உச்சி வெயில்ல மேய்ச்சலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்துருங்க."

மறுநாள் கோட்டும் சூட்டுமாக வந்த முதலாளி, வேர்த்துக் கொட்டி மர நிழலுக்கு ஓடினார். அங்கே அடர்ந்த ரோமத்தோடு அந்த வெளிநாட்டுக் காளை ஏற்கெனவே நாக்கைத் தொங்கப் போட்டு நின்றது. பண்ணையின் பழைய நாட்டு மாடான பர்கூர்க் காளை மட்டும் வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க முதலாளி," என்றான் சிக்கண்ணன். "இனிப் பிறக்கப்போற இதோட கன்னுகளுக்கும் நிழல்ல இடம் வேணுமில்லீங்க?"

முதலாளி கோட்டைக் கழற்றிக்கொண்டே பர்கூர்க் காளையைக் கைகாட்டினார். "இனி எல்லாக் கன்னும் அதுக்கே பிறக்கட்டும்."